மல்லிகாவின் கதையைச் சொன்ன மூன்று பெண்கள்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வீடியோ அழைப்பில் வந்தாள். காது கேளாதவர்களுக்குச் சைகையில் மொழிபெயர்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவள். நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மணிக்கட்டு வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் இப்படி யாராவது சந்தேகம் கேட்டு வருவார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

"அக்கா, ஒரு ஆராய்ச்சிக்குப் போறேன். 'ஓப்பன் டேட்டா'ன்னு ஒரு வார்த்தை வருது. இவங்க பேசுற வீடியோவ உலகத்துல யார் வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம், பயன்படுத்திக்கலாம்னு அர்த்தமாம். அத சைகையில எப்படிச் சொல்றது? கதவத் திறக்கற மாதிரி காட்டினேன். யாருக்கும் புரியல."

"கதவு வேண்டாம்" என்றேன். வலது கையை மூடி நெஞ்சருகே வைத்தேன். மெல்ல விரித்து, உள்ளங்கையில் ஊதி, விரல்களைப் படபடக்கவிட்டு மேலே தூரமாக அனுப்பினேன். "கண்ணும் கூடவே போகணும். அது கண்ணுக்குத் தெரியாமப் போற வரைக்கும் போகணும். பாதியில திரும்பிட்டா அர்த்தம் மாறிடும்."

அவள் செய்து பார்த்தாள். அவள் முகமே மாறிவிட்டது. "யாருக்கா இதக் கண்டுபிடிச்சது?" என்றாள்.

ஃபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் மல்லிகாவின் பெயர் மல்லிகா இல்லை. அவள் ஊரை மாற்றியிருக்கிறேன். எந்தக் கம்பெனியில் என்ன வேலை செய்தாள் என்பதையும் மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் வரிவரியாக அவளுக்குச் சைகையில் சொல்லிக் காட்டினேன். எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டேன்.

என் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. கையால் பேசிய பிறகுதான் நான் வாயால் பேசினேன் என்று பெரியப்பா சொல்வார். கொஞ்ச காலம் காது கேளாதோர் பள்ளி விடுதியில் வார்டனாக இருந்தேன். பிறகு மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்குப் போனேன். பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருந்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூர் வந்த பிறகு, 2006 வாக்கில், சுற்றிலும் கம்பெனிகள் வரிசையாக எழுந்தன. சில கம்பெனிகள் காது கேளாதவர்களை வேலைக்கு எடுத்தன. நேர்முகத் தேர்வுக்கும் பயிற்சி வகுப்புக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரகடம் வரை ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய் வருவேன்.

டாக்டர் சுகந்தி என்னைத் தேடி வந்தது 2010 வாக்கில். சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தார். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் காது கேளாதவர்களுக்கு எந்த அளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே, அதாவது அவர்கள் கையாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

நான் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். காது கேளாதவரிடம் பேசும்போது எல்லோரும் என் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டாரான்னு கேளுங்க" என்பார்கள். சுகந்தி மேடம் முதல் நாளே என்னிடம் கேட்ட கேள்வி, "எஸ்தர், நான் எங்க உட்காந்தா அவங்களுக்கு வசதி?" என்பது. ஜன்னலுக்கு முதுகு காட்டாமல், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரச் சொன்னேன். அதற்குப் பிறகு எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னல் எங்கே என்றுதான் பார்ப்பார். யாரிடம் பேசுகிறாரோ அவர் கண்ணைப் பார்ப்பார். கேள்வி கேட்டுவிட்டு இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பார். பதில் வரும்வரை அசையமாட்டார். படித்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்று பார்த்த எனக்குத் தெரியும்.

ஒருமுறை, கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றின் பொறுப்பாளர், "பாவம் மேடம் இதுங்க, என்னா தெரியும் இதுங்களுக்கு" என்றார். மேடம், "யாரு?" என்று கேட்டு உண்மையிலேயே சுற்றும் முற்றும் பார்த்தார். அந்த ஆள் அதற்குப் பிறகு அப்படிப் பேசவில்லை.

அதே ஆள் இன்னொன்றும் சொன்னார். "ஊனமுற்ற புள்ளைங்க மேடம். அப்பா அம்மா கையெழுத்து வாங்கிக்கினு அப்பால பேசுங்க."

"அவங்க சம்பளம் வாங்க யாரு கையெழுத்துப் போடறாங்க?" என்றார் மேடம்.

"அவங்கதான்."

"அப்ப இதுக்கும் அவங்களே போடட்டும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னலூரில் ஒரு தேவாலயத்தின் பின்னால் இருந்த கூடத்தைக் கேட்டு வாங்கினோம். தெற்கே பல ஊர்களிலிருந்து வந்து வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் இருந்த பையன்களும் பெண்களும் வந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்களும் வந்தார்கள். முதல் ஞாயிறு, வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உள்ள இத்தினி பேரு கீறாங்களா? சத்தமே இல்லன்னு பூட்டிக்கினு போவப் பாத்தேன்" என்றார். அவர் கையில் பூட்டு இருந்தது. நான் அதைச் சைகையில் சொன்னதும் கூடமே அதிரும்படி சிரித்தார்கள். வாட்ச்மேன் பயந்துபோனார்.

சம்மதம் வாங்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு இந்த வேலைக்கு வரும் பெண்கள் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதை மேடம் ஏற்கவில்லை. தமிழ் எழுத்து அவர்களில் பலருக்கு இரண்டாவது மொழி. அதனால் நான் சைகையில் விளக்குவேன். பார்த்தவர், அதைப் பார்க்காத இன்னொரு காது கேளாதவருக்குத் தான் புரிந்துகொண்டபடி சொல்வார். அந்த இரண்டாமவர் சொல்வதை வேறொரு மொழிபெயர்ப்பாளர் மேடத்துக்குத் தமிழில் சொல்வார். நான் அப்போது வெளியே போய்விட வேண்டும். மேடம் முதலில் சொன்னதும் கடைசியில் வந்து சேர்ந்ததும் ஒன்றாக இருந்தால்தான் சம்மதம் செல்லும். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒருவருக்கே அரை நாள் ஆகும். மேடம் ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

எல்லாமே நன்றாக வந்து சேர்ந்தது, ஒன்றைத் தவிர. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். கிடைத்த பதிவுகளைப் பூட்டி வைக்கக் கூடாது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். நல்ல நோக்கம்தான். ஒருவர் கண்டறிந்தது எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று மேடமும் நம்பினார். நான் அதை 'கதவு திறந்திருக்கும்' என்று சொன்னேன். அது மறுமுனையில், 'ஆபீஸ் கதவு திறந்திருக்குமாம், போய்ப் பாக்கலாமாம்' என்று வந்து விழுந்தது.

மேடம் கூடத்தில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசச் சொன்னார். யூசுப் என்று ஒரு பையன், கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அவன் எழுந்து, "கதவுன்னா மறுபடியும் மூடலாம். இத மூட முடியுமா?" என்று கேட்டான்.

"முடியாது" என்றார் மேடம். "யாராவது எடுத்து வெச்சுக்கிட்டா, நானே நினைச்சாலும் திரும்பக் கொண்டுவர முடியாது."

யூசுப் தன் கையைப் பார்த்தான். பிறகு கையை மூடி நெஞ்சில் வைத்து, விரித்து, ஊதினான். இலவம்பஞ்சு. அவன் கண் அந்தப் பஞ்சோடு போனது. சுவரைத் தாண்டி, கூரையைத் தாண்டிப் போனது. கூடத்தில் இருந்த எல்லோருடைய கண்ணும் அதோடு போனது. மேடமும் திரும்பிப் பார்த்தார். இல்லாத ஒன்றை அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் தாய்மொழியில் ஒரு சொல் பிறப்பதைக் கூட இருந்து பார்த்தேன். 

அதன் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிலர், "அப்படின்னா நான் வரல" என்று எழுந்து போனார்கள். மேடம் அவர்களுக்கு நன்றி சொல்லி வாசல் வரை போய் வழியனுப்பினார். இருந்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "உலகமே பாக்கும்னு சொல்றீங்க. இங்கிலீஷ்ல எழுதிப் போட்டா நாங்க எப்படிப் பாக்கறது?" அன்றைக்கே முடிவானது, எது வெளியே போனாலும் முதலில் சைகையில் போக வேண்டும் என்று.

எழுந்து போகாமல் இருந்தவர்களில் மல்லிகா ஒருத்தி. இருபத்திரண்டு வயது. கோவில்பட்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்த வேலை. கேமரா முன்னால் உட்கார்ந்து, துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் நேராகக் கண்ணாடி வில்லையைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரு நாள் வேலைக்கு நடுவில் பாத்ரூம் போயிருக்கிறாள். திரும்பி வந்தால், வரிசையாக உட்கார்ந்து வேலை செய்யும் லைனில் யாரும் இல்லை. நாற்காலிகள் தள்ளித் தள்ளிக் கிடந்தன. ஒற்றைச் செருப்பு ஒன்று வழியில் கிடந்தது. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. டீ நேரமோ என்று நினைத்தாள். ஷிப்ட் முடிந்து பஸ் போய்விட்டதோ என்று நினைத்தாள். அப்புறம்தான் மூக்கிலும் கண்ணிலும் எரிச்சல் ஏறியது. ஏதோ ரசாயனம் கசிந்திருக்கிறது. அபாயச் சங்கு ஊதியிருக்கிறது. எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். சங்கு அவளுக்குக் கேட்காது.

வழி தேடி ஓடியவள் ஒரு பெரிய கண்ணாடிச் சுவருக்கு வந்தாள். வெளியே மைதானத்தில் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், அவளுக்கு முதுகு காட்டியபடி. சூப்பர்வைசர் எதிரில் நின்று, கையிலிருந்த தாளில் குனிந்தபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். இவள் கண்ணாடியை அடித்தாள். காது கேட்கிற அத்தனை பேரில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அவர் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எப்படியோ ஒரு கதவைக் கண்டுபிடித்து, தள்ளிக்கொண்டு வெளியே வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு உதட்டின்மேல் விரலை வைத்தார்.

இதைச் சொன்னபோது மல்லிகா தன் விரலை உதட்டில் வைத்து, கேமராவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பேச்சே இல்லாத ஒருத்தியிடம் பேசாதே என்று சொன்ன அந்த விரலை நான் குரலில் எப்படிச் சொல்வது? என் வேலை அவள் சொல்வதைக் குரலாக்குவது. அந்த இடத்தில் மட்டும் நானும் சும்மா இருந்தேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புரிந்துகொண்டார்.

பதிவுகளை வெளியிடுமுன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். குழு மல்லிகாவின் பதிவை நிறுத்திவிட்டது. முகம் தெரிகிறது, கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், வேலை போய்விடும், அதனால் இதை முழுவதுமாக நீக்கிவிடுங்கள் என்றது. தவறு என்று சொல்ல முடியாது. அவள் நன்மைக்குத்தான் சொன்னார்கள்.

முகத்தை மங்கலாக்கலாமா என்று ஒருவர் கேட்டாராம். மேடம் அதை என்னிடம் கேட்டபோது, என் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஒரு வாக்கியத்தைச் சைகையில் சொல்லிக் காட்டினேன். "இது கேள்வியா, பதிலா, இல்லன்னு சொல்றேனா, சொல்லுங்க" என்றேன். புருவம் தூக்கினால்தான் எங்களுக்குக் கேள்வி. தலை அசைந்தால்தான் 'இல்லை'. முகத்தை அழித்தால் பாதி மொழி போய்விடும். மேடம் தலையாட்டிவிட்டு, "அப்ப மல்லிகாகிட்டதான் கேக்கணும்" என்றார்.

மல்லிகாவிடம் சொன்னோம். அவள் கை மிகவும் மெதுவாக அசைந்தது. கோபம் வந்தால் அவள் கை மெதுவாகிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"அன்னிக்கு என்னை உள்ள வெச்சு மறந்தாங்க. இப்ப நீங்களும் என்னை எடுத்துடறீங்களா?"

 மேடத்துக்கே பதில் தெரியவில்லை என்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அதை அவர் மறைக்கவும் இல்லை. "எனக்கு வழி தெரியல மல்லிகா. உங்க வேலையும் போகக் கூடாது, உங்க பேச்சும் போகக் கூடாது. எல்லாரும் சேர்ந்து யோசிக்கலாமா?" என்றார்.

இதற்கிடையில், மல்லிகா தங்கியிருந்த ஹாஸ்டலின் அந்தப் பொறுப்பாளர், இந்தப் பெண் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டாள் என்று அவள் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். பதறிப்போய் ராத்திரி பஸ் பிடித்து வந்து இறங்கினார் அந்த அம்மா. வீட்டில் சாப்பாடு, தூக்கம், போ, வா என்று நாலைந்து சைகைகளுக்கு மேல் அவர்கள் இருவருக்கும் இடையில் பேச்சு இருந்ததில்லை. நான் மல்லிகாவின் பக்கத்தில் நின்றேன். நடந்ததை மல்லிகா அம்மாவுக்குச் சொன்னாள். நான் வழக்கப்படி 'நான்', 'எனக்கு' என்று அவளாகவே பேசினேன்.

அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு பேசுவாளா எம் பிள்ள?" என்றார். பிறகு மெதுவாக, "ஆனா மெட்ராஸ்காரி கணக்காலா பேசுதா!" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேச்சு வேகத்தில் என் வாயில் 'இன்னா'வும் 'வந்துக்கினு'வும் வந்துவிடும். மல்லிகாவிடம் அதைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மா, "போதும் தாயி, ஊருக்கு வந்துரு" என்றார்.

"ஊர்ல எனக்கு யாரும்மா பேச்சுத்தொணை? இங்க தினமும் பேசறேன். வேலை போனா இதுவும் போயிடும்."

அந்த அம்மா கிட்டே வந்து உட்கார்ந்தார். மகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கையைப் பிடித்தால் பேச முடியாது என்று தோன்றியதோ என்னவோ, உடனே விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு கூடத்தில் விஷயத்தை வைத்தோம். மல்லிகா சம்மதித்த பிறகுதான், அவள் முன்னால்தான். மணிமங்கலத்திலிருந்து சரோஜா என்று ஒரு தையல்காரம்மா வருவார். நாற்பது வயதுக்கு மேல். அவருக்கும் காது கேட்காது. அவர் எழுந்து, "அவ முகம்தானே தெரியக்கூடாது? என் முகம் தெரியட்டும். அவ சொன்னத அப்படியே நான் சொல்றேன்" என்றார்.

"உங்களுக்குப் பிரச்சினை வராதா?" என்றார் மேடம்.

"என்னை எந்தக் கம்பெனி வேலைய விட்டு எடுக்கும்? என் மிஷின் என் வூட்ல கீது."

உடனே கம்பெனிகளில் வேலை செய்த பெண்கள் பலர், நானும் சொல்கிறேன், நானும் சொல்கிறேன் என்று கை தூக்கினார்கள். மேடம் ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டு, மறுத்துவிட்டார். ஒருத்திக்குப் போகக்கூடாத வேலை இன்னொருத்திக்கும் போகக்கூடாது என்றார். கடைசியில் சரோஜாவும், ஒரு பள்ளி ஆசிரியையும், கல்யாணமாகி வேலையை விட்டுவிட்ட ஒரு பெண்ணும் நின்றார்கள். ஒருவர் சொன்னால் அது அவருக்கு நடந்தது என்று நினைப்பார்கள். மூன்று பேர் 'எனக்கு நடந்தது' என்று சொன்னால் யார் என்று தேடமாட்டார்கள். இது மல்லிகா சொன்னது.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று முடிவு செய்ததும் மல்லிகாதான். கம்பெனி எதைச் செய்கிறது என்பது போகட்டும். எந்த வருஷம் என்பது போகட்டும். ஊர் போகட்டும். கண்ணாடிச் சுவர் இருக்க வேண்டும். ஒற்றைச் செருப்பு இருக்க வேண்டும். உதட்டில் வைத்த விரல் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிறகு பல ஞாயிறுகள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒருநாள் சரோஜா கண்ணாடியை அடிக்கும் இடத்தில் உதடு துடிக்க அழுதார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது. மல்லிகா கையை ஆட்டி நிறுத்தினாள்.

"நான் அழல. எனக்குக் கோவம். கோவம் வந்தா என் கை மெதுவா போகும்."

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை கை மெதுவாகப் போனது. வெறும் காற்றில் ஒரு கண்ணாடிச் சுவர் நின்றது. அந்தப் பக்கம் அத்தனை முதுகுகள் தெரிந்தன. அந்தக் கனத்த உடம்பு, தையல் போட்டுப் போட்டுக் காய்த்த விரல்கள், எல்லாம் போய், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அங்கே நின்றாள். நான் பைபிள் படிப்பவள். ஒருவருடைய ஆவி இன்னொருவர்மேல் இறங்குவதைப் படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

மல்லிகா சுவரோரம் உட்கார்ந்து தனக்கு நடந்ததைத் தானே முதல்முறையாகப் பார்த்தாள். சரோஜா விரலை உதட்டில் வைத்தபோது, அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். யாரும் போய்த் தேற்றவில்லை. சரோஜா சொல்ல வேண்டியதை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

குழுவுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. மூலப் பதிவு இல்லாமல் இது உண்மை என்று மற்ற ஆராய்ச்சியாளர்கள் எப்படி நம்புவார்கள்? நியாயமான கேள்வி. மேடம் குழுவையே இறங்கி வரச் சொன்னார். இருவர் வந்தார்கள். மல்லிகாவை நேரில் பார்த்து, வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினார்கள். மல்லிகாவின் பதிவையும் மூன்று பெண்களின் பதிவையும் அடுத்தடுத்துப் பார்த்தார்கள். அந்த மூன்றிலும் அவள் சொன்னதுதான் இருக்கிறது என்று உறுதி கொடுத்தார்கள். பிறகு நிறுவனத்தில் இருந்த அவளுடைய பதிவை அவள் கண் முன்னாலேயே அழித்தார்கள். ஒரே ஒரு பிரதி அவள் கையில் கொடுக்கப்பட்டது. வந்தவர்களில் வயதானவர், போகும்போது என்னிடம், "இத எப்படிம்மா கையெடுத்துக் கும்பிடாம சொல்றது, நன்றின்னு?" என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். மூன்று பெண்களுக்கும் மல்லிகாவுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று பதிவுகளும் சைகையிலேயே, கீழே தமிழும் ஆங்கிலமும் ஓட, எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டன. எங்கெங்கேயோ பார்த்தார்கள் என்று மேடம் சொன்னார். வேறு நாட்டுக் காது கேளாதவர்கள் தங்கள் சைகையில் அதைத் திருப்பிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடத்தில் திரையில் போட்டுக் காட்டினோம். அந்தச் சைகை எங்களுக்குப் பாதி புரியவில்லை. உதட்டில் வைத்த விரல் வந்ததும் எல்லோருக்கும் புரிந்தது. மல்லிகாவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவளாகவே வேறு வேலை தேடிக்கொண்டாள்.

நான் வேலையை விடுவதற்கு முன்னால், 2015 வாக்கில், வல்லம் வடகாலில் ஒரு புதுக் கம்பெனிக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு. பாதிப் பேருக்குமேல் காது கேளாதவர்கள். உள்ளே போனால் மூன்றாவது வரிசையில் மல்லிகா உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் நின்றேன். அவளும் அப்படியே.

பாதுகாப்பு அதிகாரி மதுரைக்காரர், சின்ன வயசு. "மேடம், நெட்ல ஒரு வீடியோ பாத்தேன். ஃப்ரீயாவே இருக்கு. அதப் பாத்துட்டுத்தான் நம்ம பிளான்டையே மாத்துனேன்" என்று சொல்லித் திரையைப் போட்டார். சரோஜா வந்து நின்றார்.

நான் மல்லிகாவின் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்தேன். அதில் எனக்கு வேலை இல்லை, எல்லாம் சைகையிலேயே இருக்கிறது என்பது நல்லதாகப் போயிற்று. முடிந்ததும் அதிகாரி, "இந்தம்மாவுக்கு நடந்தது இங்க யாருக்கும் நடக்கக் கூடாது" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். வெளியே தெரிந்த லைன் முழுவதும் தூண்களில் வைத்திருந்த சிவப்பு விளக்குகள் சுழன்றன. சங்கு ஊதும்போது கூடவே இவையும் எரியுமாம். எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அது எங்கள் கைதட்டல்.

மல்லிகா கை தூக்கினாள். நான் அவள் குரலானேன்.

"சார், பாத்ரூம்ல இந்த லைட் இருக்கா?"

 அதிகாரி திரையைத் திரும்பிப் பார்த்தார். சரோஜா அதில் அப்படியே நின்றிருந்தார்.

"இல்லம்மா" என்றார். "இத்தனை வாட்டி பாத்தேன். எனக்குத் தோணல. வெச்சுடறேன்."

"எப்ப சார்?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அடுத்த வகுப்புக்குள்ள" என்றார்.

அடுத்த வகுப்புக்குப் போனபோது, வகுப்பறைக்குப் போகாமல் நேராகப் பெண்கள் பாத்ரூமுக்குப் போனேன். கண்ணாடிக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. உள்ளே ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் சின்னதாக ஒன்றொன்று இருந்தது. எவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. பின்னால் வந்த ஒரு பெண் தோளைத் தொட்டு, கொஞ்சம் நகரும்படி சைகை காட்டிய பிறகுதான் வழிவிட்டேன்.